வண்ணக்கரின் திறப்பும் நாய்க்குட்டியின் வயிறும்

தாழையடிமுனையில் நல்லரத்தினத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். சுனாமியன்று கடல் ஊரையே வாரிக்கொண்டு போனபோது, கண்ணகி அம்மன் கோயில் திறப்பை, அதாவது சாவியை, கைவிடாமல் பூவரச மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். இதைச் சொல்கிறவர் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். கேட்கிறவருக்கும் கை கூப்பத் தோன்றும். கதையின் நாயகருக்கு மட்டும் அது காதில் விழுந்தால் எழுந்து போய்விடலாம் போலிருக்கும். ஊர் அதையும் அவருடைய அடக்கம் என்றே எடுத்துக்கொண்டது.

முப்பத்தொரு வருடம் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே அரசாங்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குடைகள், மீன் கூடைகள், ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை என்று எதையும் உரியவரிடம் சேர்க்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. ஆகவே அவருடைய குடிக்கு முறை வந்து, கோயிலைப் பொறுப்பாகப் பார்க்கும் வண்ணக்கர் பதவி காலியானபோது, ஊர் வேறு ஆளைத் தேடவில்லை. அந்தப் பதவிக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாமானைத் தொலைக்காமல் வைத்திருக்கும் திறமைதான்.

அந்தக் கோயில் வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். வைகாசியில் கதவு திறத்தல், ஏழு நாள் சடங்கு, கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி, பிறகு கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வைகாசி வரை அம்மன் உள்ளே, திறப்பு வண்ணக்கர் வீட்டில். கதவு திறக்க மூன்று நாளுக்கு முன் வண்ணக்கர் குளித்து, முதல் விளக்குக்கான நல்லெண்ணெயை ஒரு தகரத்தில் ஊற்றி, திறப்பின் நுனியை அதில் நனைத்தெடுத்து, தகரத்தை மூடித் துணி சுற்றி வைத்துவிட வேண்டும். அது அப்போதே அம்மனின் எண்ணெய் ஆகிவிடும். விளக்கேற்றும் வரை அந்த மூடியில் யாருடைய கையும் படக்கூடாது.

பழைய திறப்பு ஒரு சாண் நீளம், அரைக் கிலோ பாரம். ஒல்லாந்தர் காலத்து இரும்பு என்பார்கள். எந்த ஒல்லாந்தன் கண்ணகி அம்மனுக்குத் திறப்பு அடித்துக் கொடுத்தான் என்று யாரும் கேட்டதில்லை. அந்தத் திறப்பைத்தான் நல்லரத்தினம் சுனாமியிலிருந்து காப்பாற்றினார். ஆனால் அது திறக்க வேண்டிய கதவையும், கதவு நின்ற கோயிலையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவருடைய மனைவி தங்கமலரையும் கொண்டுபோய்விட்டது. ஊர் சொல்லும் கதையில் தங்கமலர் ஒரு வசனத்தில் வந்து போவாள்: "பாவம், மனிசியும் போயிட்டா." அவள் எந்த இடத்தில் நின்றாள், ஏன் நின்றாள் என்பது நல்லரத்தினத்துக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. நாற்பத்தைந்தாம் நாள் ஊர் கூடி அவருக்கு மாலை போட்டபோதும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். கோயில் குழுச் செயலாளர் வினாயகமூர்த்தியின் மச்சினன் ஒருவர் சுவிசில் இருந்தார். புதிய கதவும் அதற்கு ஒரு ஆமைப்பூட்டும் அவருடைய உபயம். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் பூட்டு. எந்தக் கள்ளனாலும் உடைக்க முடியாது என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அதன் திறப்பு மட்டும் சுண்டுவிரல் நீளம். மூன்று திறப்புகளில் இரண்டைச் சுவிஸ்காரர் தன்னிடமே வைத்துக்கொண்டார். அங்கே இருந்தால் பத்திரமாம். மூன்றாவது கறுப்பு நூலில் கோத்து வண்ணக்கரின் கைக்கு வந்தது. பழைய திறப்பை என்ன செய்வதென்று குழுக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நல்லரத்தினம் அதை இடுப்புப் பட்டியில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. அதை அவர் ஆசையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தால் தவறு. ஒருவன் தான் செய்ததை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வைத்திருந்தார்.

மகள் கம்சாயினியைக் கொக்கட்டிச்சோலையில் கட்டிக்கொடுத்துவிட்டு, சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருபத்தேழாம் இலக்க வீட்டில் அவர் தனியே இருந்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசி மாதம் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு உரப்பைக்குள் நாய்க்குட்டி ஒன்று கத்தியது. உரியவரைத் தேடி ஒரு வாரம் அலைந்து பார்த்தார். உரப்பையில் கட்டிப் போட்டவன் எங்கே வந்து உரிமை கேட்கப் போகிறான்? மஞ்சள் உடம்பில் கரும் கோடுகள் ஓடிய குட்டி. இருபத்தாறாம் இலக்கத்தில் இருந்த மெதடிஸ்தப் பெண் பீற்றிஸ், மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர், பார்த்தவுடனே அதற்கு டைகர் என்று பெயர் வைத்துவிட்டாள். உலகம் முழுக்க உள்ள நாய்ப் பெயர். ஆனால் அந்த வருடம், அந்த ஊரில், புலிகளைத் தேடும் இராணுவச் சோதனைச் சாவடிக்கு முன்னூறு அடி தள்ளி நின்று "டைகர், டைகர்" என்று கூவினால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. நல்லரத்தினம் யோசித்தார். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாக டைகர் என்பார். வெளியே வந்தால் அது வெறும் "இஞ்ச வா"தான். நாய் இரண்டுக்கும் வாலாட்டியது.

வைகாசி வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி இரண்டு கிழமை ஆகியிருந்தது. சாவடியில் வெற்றியைக் கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள், ஊர்க்காரர் வாங்கிக்கொண்டார்கள். வாங்காமல் போக முடியுமா? வடக்கில் யாருக்கு என்ன ஆனது என்று தெரியாத வீடுகள் ஊரில் நாலைந்து இருந்தன. அவர்களும் வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்குப் போட்டார்கள். சமாதானம் வந்த கையோடு வினாயகமூர்த்தியின் மச்சினனும் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு சுவிசிலிருந்து வந்தார். தான் கொடுத்த பூட்டைத் திறப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கதவு திறத்தல் திங்கட்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை காலை நல்லரத்தினம் குளித்துவிட்டு, மேசையில் எண்ணெய்த் தகரத்தை வைத்து, திறப்பிலிருந்து கறுப்பு நூலைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத்தான் வீதியில் இராணுவத்தின் ஒலிபெருக்கி அலறியது. வீட்டுக்காரர் எல்லாரும் அடையாள அட்டையோடு பாடசாலை வளவுக்கு வரவேண்டுமாம், பதிவு. இப்படிக் கூப்பிட்டுப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள் ஊருக்கு மனப்பாடம். பயந்த மனிதனுக்குக் கை செய்வது மூளைக்குத் தெரியாது. நாலு மணித்தியாலம் வெயிலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒராள் என்று மூன்று தடவை பதில் சொல்லி, படம் பிடிக்கக் கொடுத்து, அவர் வீடு திரும்பியபோது இரண்டு மணி.

கதவு திறந்து கிடந்தது. மேசையில் எண்ணெய்த் தகரம் துணி சுற்றியபடி ஒழுங்காக இருந்தது. கீழே பாயில் டைகர் படுத்திருந்தது. அதன் வாயில் கறுப்பு நூல், ஒரு முனை நைந்து நார் நாராய்த் தொங்கியது. திறப்பைக் காணவில்லை.

பாயை உதறினார். கட்டிலைப் புரட்டினார். அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். டைகர் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக் கூடவே ஓடியது. வேறு யாராவது என்றால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்திருப்பார்கள். இவரோ தொலைந்த சாமானை உடனே அறிவிக்க வேண்டும் என்று முப்பத்தொரு வருடம் பழகியவர். நேரே வினாயகமூர்த்தி வீட்டுக்குப் போய், "மச்சான், கோயில் திறப்ப நாய்க்குட்டி முழுங்கிட்டுப் போல" என்றார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிழைகளில் இது இரண்டாவது.

அரை மணித்தியாலத்தில் இருபத்தேழாம் இலக்க வளவு நிறைந்துவிட்டது. நாய் வளர்க்காதவர்கள்தான் அதிகம் வைத்தியம் சொன்னார்கள். ஆமணக்கெண்ணெய் என்றார் ஒருவர். முட்டை வெள்ளைக்கரு என்றார் இன்னொருவர். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக உதற வேண்டும் என்றாள் ஒரு பெண். அவளுடைய மகன் ஐம்பது சத நாணயத்தை விழுங்கியபோது அப்படித்தான் எடுத்தார்களாம். வினாயகமூர்த்தி பேசிக்கொண்டிருக்கவில்லை. கடற்கரையில் சுறா கீறிக் காயவைக்கும் வாடி வைத்திருந்த மனிதர், கையால் வேலை செய்கிறவர். உப்புத் தண்ணீரைக் கரைத்துக் குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றினார். ஊற்றியதில் பாதி அவருடைய வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்தது.

அந்த நேரம் பீற்றிஸ் வேலை முடிந்து வந்து சேர்ந்தாள்.

"ஆரு உப்புத் தண்ணி பருக்கினது?" அவள் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நேரே குட்டியைத் தூக்கினாள். "அது பல்லுள்ள சாமான். இறங்கினது இறங்கிட்டு. இனி மேலால எடுக்கப் பாத்தா தொண்டையக் கிழிச்சுக்கொண்டுதான் வரும். உப்புக் கூடினாலே குட்டி செத்துரும்."

"மறுகா என்ன செய்யிற?" என்றார் வினாயகமூர்த்தி, சட்டையைப் பிழிந்துகொண்டே.

"ஒண்டும் செய்யாம இருக்கிறதுதான் வைத்தியம். எண்ணெயும் வேணாம், மருந்தும் வேணாம்." பிறகு நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணன், சோறும் பூசணிக்காயும் அவிச்சுக் குழைச்சுக் குடுங்க. தண்ணி வைங்க. திரும்பத் திரும்பச் சத்தியெடுத்தா, சாப்பாட்ட விட்டா, வயிறு கல்லு மாதிரி இறுகினா, ரத்தம் போனா, அந்த நிமிசமே என்னக் கூப்பிடுங்க. இல்லாட்டிப் பின்னால வாறத மட்டும் கிளறிப் பாருங்க. ரெண்டு மூண்டு நாள் எடுக்கும், சிலவேளை கூடவும் எடுக்கும். டொக்டர் கண்டிக்குப் பயிற்சிக்குப் போயிருக்கார், செவ்வாய்க்கிழமை வருவார். வந்த உடன காட்டுவம்."

"திங்கட்கிழமை கதவு திறக்க வேணும்" என்றார் வினாயகமூர்த்தி.

"அதக் குட்டியிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள்.

பின்னால் வருவதைப் பார்க்க ஊர் உடனே ஒரு குழு அமைத்தது. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் ஊருக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். தலைவர், செயலாளர், பகலுக்கு இரண்டு உறுப்பினர், ஒரு தடி. டைகர் எங்கே போனாலும் இரண்டு பெரிய மனிதர் பின்னால் போனார்கள். அது ஒரு புதர்ப் பற்றையடியில் நின்று வட்டமடித்தால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். இப்படி ஒரு மரியாதையோடு யாரால் வெளிக்கிருக்க முடியும்? குட்டி இவர்களைத் திரும்பிப் பார்க்கும், யோசிக்கும், பிறகு காரியத்தை ஒத்திப்போட்டுவிட்டு வேறு பற்றைக்கு நடக்கும். சனிக்கிழமை முழுவதும் கிடைத்தது பாய்க் கோரைத் துண்டு ஒன்றும் ஒரு சட்டைப் பொத்தானும். பொத்தான் தன்னுடையது என்று குழுவின் தலைவர் அடையாளம் கண்டார்.

நல்லரத்தினம் நித்திரையில்லாமல் கிடந்தார். திறப்பு போனது வெட்கம், வண்ணக்கர் பதவி போனாலும் போகட்டும். குட்டியின் வயிற்றை மணிக்கொரு தரம் தடவிப் பார்த்தார். மெத்தென்றுதான் இருந்தது. பூசணிக்காய்ச் சோற்றைத் தட்டைக் கவிழ்த்து நக்கியது. இதற்கு உள்ளே இரும்பு கிடக்கிறது என்று எப்படி நம்புவது? ஆனால் நூலைக் கண்ணால் கண்டாரே.

ஞாயிற்றுக்கிழமை சுவிஸ்காரர் ஒரு யோசனை சொன்னார். அங்கேயென்றால் படமெடுத்துப் பார்ப்பார்களாம், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுமாம். இங்கே மனிதனுக்கே படமெடுக்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப சாவடியில இருக்கிற அந்த மெசின்?" என்றார் அவர். அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. இருபத்தைந்து வருடமாகத் தங்கள் உடம்பில் இரும்பு தேடிய கருவி ஒருநாளாவது ஊருக்கு உதவட்டுமே.

முப்பது பேர் ஊர்வலமாய்ச் சாவடிக்கு வருவதைக் கண்டு காவலுக்கு நின்ற சிப்பாய்ப் பெடியன் முதலில் தோளில் கிடந்த துவக்கைத்தான் சரிசெய்தான். நல்லரத்தினம் பஸ்ஸில் பழகிய சிங்களத்தில் விளக்கினார். அவன் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு நாய்க்குட்டியின் பெயர் என்ன என்று கேட்டான்.

நல்லரத்தினம் குட்டியைக் குனிந்து பார்த்தார். "பேர் இன்னும் வைக்கல்ல" என்றார். பின்னால் நின்ற முப்பது பேரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள்.

வயதானவர்களைத் தடவிப் பார்ப்பதை அந்தச் சாவடியில் எப்போதோ விட்டிருந்தார்கள். நல்லரத்தினம் குட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். காவல்காரன் கருவியைக் குட்டியின் தலையில் பிடித்தான், சத்தமில்லை. நெஞ்சில் பிடித்தான், சத்தமில்லை. வயிற்றில் பிடித்தான். கருவி வீல் என்று கத்தியது. "யக்கட" என்றான் அவன், பெரிய வைத்தியர் போல் தலையை ஆட்டி. இரும்பு என்று யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஊருக்கு ஒரே ஆரவாரம். வினாயகமூர்த்தி அவனுக்குக் கைகொடுத்தார். சுவிஸ்காரர் மறுபடி ஒருமுறை செய்யச் சொல்லி வீடியோ எடுத்தார். மறுபடியும் கத்தியது.

திங்கட்கிழமை மதியம் வரை குட்டி எதையும் தரவில்லை. பீற்றிஸ் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்குக் கோயில் வளவில் குழு கூடியது. நல்லரத்தினம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய்த் தகரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாகை மரத்தடியில் இருந்தார்.

"சுவிசில இருக்கிற ரெண்டு திறப்பில ஒண்டக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார் ஒருவர்.

"பத்திரமா அலுமாரிக்குள்ள வச்சிற்று வந்தன்" என்றார் சுவிஸ்காரர்.

"பூட்ட உடைச்சா என்ன?"

வினாயகமூர்த்தி துள்ளி எழுந்தார். "சடங்கு தொடங்கிற நாளிலயா பூட்ட உடைக்கிற? ஊருக்கு ஆகுமா அது? சண்டை முடிஞ்சு இப்பதான் மூச்சு விடுறம்." உண்மையில் மச்சினனின் முகத்துக்கு முன்னால் அந்தப் பூட்டை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பனையோலைப் பையிலிருந்து சுறா கீறும் கத்தியை எடுத்தார். "இருக்கிற இடம் தெரியும். மெசினே சொல்லிப்போட்டு. சுறா வயித்துக்குள்ள இருந்து கைக்கடிகாரம் எடுத்தவன் நான், அது ஓடிக்கொண்டு கிடந்தது. கீறி எடுத்துப்போட்டுத் தைச்சு விடுவம். பிழைச்சாப் பிழைக்கட்டும். இல்லாட்டி, மச்சான், அது ஒரு நாய்க்குட்டிதானே."

கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் மெல்ல ஒரு சந்தேகம் கேட்டார். நாயின் வயிற்றிலிருந்து வந்த திறப்பால் அம்மனின் கதவைத் திறக்கலாமா? மஞ்சள் தண்ணீரிலும் பாலிலும் கழுவலாம் என்று முடிவாயிற்று. குட்டியைக் கழுவுவது பற்றி யாரும் பேசவில்லை.

வினாயகமூர்த்தி குட்டியைத் தூக்கக் கை நீட்டினார். டைகர் அந்தக் கையை நக்கியது. நல்லரத்தினம் அதை இழுத்து வயிற்றோடு அணைத்தபடி எழுந்தார். எழும்போது இடுப்பிலிருந்து ஏதோ விலாவில் குத்தியது. இரண்டு வருடத்துக்கு மேலாகக் குத்திக்கொண்டிருந்ததுதான். அப்படியே நின்றுவிட்டார். நேற்றுச் சாவடியிலும் குட்டியை இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டையை உயர்த்தி, அந்தச் சாண் நீள இரும்பை உருவி எடுத்தார். "இதுதான் கத்தினது" என்றார். "மெசின் கண்டுபிடிச்சது குட்டிட வயித்த இல்ல. என்ர இடுப்ப."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சமாளிப்பதற்குச் சொல்கிறார் என்று பாதிப் பேரின் முகத்தில் எழுதியிருந்தது. "சரி மச்சான்" என்றார் வினாயகமூர்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "அப்ப நம்மட திறப்பு எங்க? நூல் அதிட வாய்க்குள்ள கிடந்தது எண்டு நீதானே சொன்ன? திறப்புக்காக உசிரக் குடுக்கப் போன மனிசன் நீ. இப்ப ஒரு நாய்க்குட்டிக்கு நிண்டு மல்லுக்கட்டுற."

அந்தக் கதை இன்னொருமுறை வந்துவிட்டது. இந்தத் தடவை நல்லரத்தினம் அங்கிருந்து விலகிப் போகவில்லை.

"அண்டைக்கு நான் மரத்தில தொங்கினது எல்லாருக்கும் தெரியும்" என்றார். "அதுக்கு முதல் நடந்தத ஒருத்தரும் கேக்கல்ல. தண்ணியக் கண்ட உடன ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஓடி வந்தம். வேலிப் படலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் திறப்பு நினைவு வந்தது. 'நீ போ, நான் வாறன்' எண்டு போட்டுக் கிறுகி உள்ள போனன். அவ போகல்ல. நான் வாறன் எண்டு சொன்னதால படலையடியில நிண்டா. ஜன்னலால பாத்தன், கையக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவ. எனக்குத் திறப்புக் கிடைச்சிட்டு. அவட கை எனக்குக் கிடைக்கல்ல." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "நீங்க எனக்கு மாலை போட்டீங்க. அந்த மாலையக் கொண்டு போய் அவட படத்துக்குத்தான் போட்டன். ஒரு திறப்புக்கு ஒரு உசிர் போதும் மச்சான். ரெண்டாவது தர மாட்டன்."

வினாயகமூர்த்தி கத்தியைப் பார்த்தார், பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்பக்கமாக மறைத்துக்கொண்டார். தங்கமலர் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"பொழுது படப் போகுது" என்றார் கட்டாடியார். "ஆராவது கதவத் திறங்க."

நல்லரத்தினம் ஒரு கையில் குட்டியோடும் மறு கையில் பழைய திறப்போடும் படியேறினார். சுவிஸ்காரர் வீடியோவை நிறுத்தவில்லை. "அத உடைக்க ஏலாது அண்ணன், அதிலயே எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஒல்லாந்தர் இரும்பால் மூன்று அடி ஓங்கி அடித்தும் பூட்டில் ஒரு கீறல் விழவில்லை. மூன்றாம் அடிக்குப் பூட்டு மாட்டியிருந்த கொண்டிதான் கதவிலிருந்து கழன்று விழுந்தது. உடைக்க முடியாத அந்தப் பூட்டை அரை அங்குல ஆணிகளால் கதவில் பொருத்தியிருந்தார் கதவு வேலை எடுத்த கொந்தராத்துக்காரர். முழங்கையால் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. பறை முழங்கியது, பெண்கள் குரவையிட்டார்கள். அபசகுனம் எதுவும் உடனடியாக நடக்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம் கட்டாடியார் முதல் விளக்கைத் துடைத்து வைத்தார். நல்லரத்தினம் குட்டியை வாசற்படியில் இருத்திவிட்டு, எண்ணெய்த் தகரத்தின் துணியை அவிழ்த்து, மூன்று நாள் யாருடைய கையும் படாத மூடியைத் திறந்து அவரிடம் கொடுத்தார். எண்ணெய் தாரையாய் விழுந்தது. கடைசியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கட்டாடியார் குனிந்து பார்த்தார். விளக்கின் நடுவில், எண்ணெயில் குளித்து, சுண்டுவிரல் நீளத்தில் திறப்புக் கிடந்தது.

பழைய திறப்பைப் பிடித்து நுனியை மட்டும் நனைத்துப் பழகிய கை, ஒலிபெருக்கிச் சத்தத்தில் இதை அப்படியே உள்ளே விட்டு, மூடி, துணியும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. பாவி நாய்க்குட்டி தின்றது வெறும் நூலை. நல்லரத்தினத்துக்கு அது இப்போதுதான் துண்டு துண்டாக நினைவுக்கு வந்தது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வளவு முழுக்கச் சிரித்தது. சுவிஸ்காரர் விளக்குக்குக் கிட்டப் போய் வீடியோ எடுத்தார். கொண்டியோடு கழன்று விழுந்த பூட்டு படியில் கிடந்தது. அதற்குரிய திறப்பு கிடைத்துவிட்டது, கதவு மட்டும் அதற்கு இல்லை.

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மணிக்கு அந்த வயிற்றைக் கீறியிருந்தாலும் இந்தத் திறப்பு இதே விளக்கில், இதே நேரம்தான் விழுந்திருக்கும். அப்போதும் ஊர் அதை அம்மனின் அற்புதம் என்றிருக்கும். அவருக்கு இன்னொரு மாலை போட்டிருப்பார்கள்.

அவர் பழைய திறப்பை வினாயகமூர்த்தியின் கையில் வைத்தார். வாங்கியவர் அதன் பாரத்தைக் கண்டு திடுக்கிட்டார். "இதயா இவ்வளவு நாளும் இடுப்பில வச்சிருந்த?"

"ஓம். இனி நீங்க வச்சிருங்க."

"சடங்கு இப்பதானே தொடங்குது. எங்க போற மச்சான்?"

நல்லரத்தினம் வாசற்படிக்கு வந்தார். கோயில் காவலுக்கு வந்திருந்தவர்களில் சாவடிப் பெடியனும் நின்றான். குட்டி கூட்டத்துக்குள் எங்கேயோ நழுவியிருந்தது. கால்களுக்கிடையே அந்த மஞ்சள் உடம்பைக் காணவில்லை. வேறொன்றும் யோசிக்காமல், பஸ்ஸை நிறுத்தும் அந்தப் பழைய கொண்டக்டர் குரலில் ஊரே கேட்கக் கத்தினார்:

"டைகர்!"

பறை நின்றது. முப்பது தலைகள் சாவடிப் பெடியன் பக்கம் திரும்பின. அவன் வாயைத் திறந்தபடி நல்லரத்தினத்தைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்த குட்டியைப் பார்த்தான், அதன் முதுகுக் கோடுகளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தான் ஒன்றும் கேட்கவில்லை என்பது போல் கடற்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நல்லரத்தினம் குட்டியை வாரித் தூக்கிக்கொண்டார். "நாங்க போறம்" என்று ஊருக்குச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் பசிக்குது."